பதிவேடு ரயிலேறிய வாரம்

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக நூலகத்தின் வாசலில் பத்தொன்பது வருடமாக ஒரு வருகைப் பதிவேடு இருக்கிறது. ஒன்று தீர்ந்தால் இன்னொன்று வரும். எனக்கு எல்லாம் ஒன்றுதான். பெயர், துறை, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையொப்பம் என்று ஐந்து கட்டம். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஒருவரும் என்னைத் தாண்டிப் போனதில்லை. ஒருமுறை பதிவாளரே ஏதோ நினைப்பில் விறுவிறுவென்று வெளியேறினார். "சார், வெளியே போற டைம்" என்றேன். படியில் பாதி இறங்கியவர் திரும்பி வந்து எழுதிவிட்டுப் போனார். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

பதிவேட்டுக்குப் பக்கத்தில் புறாக்கூண்டு போல ஒரு மர அடுக்கு. உள்ளே போகிறவர்கள் கைபேசியை அதில் வைத்துவிட்டுப் பித்தளை வில்லை ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். 'கைபேசிக்கு அனுமதி இல்லை' என்று சுவரில் பெயின்டால் எழுதியதும் நான்தான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் நூலகத்தில் எது எழுத வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அரையாண்டு அறிக்கைகூட என் கையால்தான் எழுதப்படும். அதுதான் பின்னால் வினையாக வந்தது.

பல்கலைக்கழகம் ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் இருக்கிறது. எனக்கு வீடு திருமுல்லைவாயில். ஸ்கூட்டரில் போய் ஸ்கூட்டரில் திரும்புகிறவன். மாணவர்கள் எப்படி வருகிறார்கள், எதில் தொங்குகிறார்கள், வழியில் என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வாசலுக்கு வந்த பிறகுதான் அவர்கள் எனக்கு மாணவர்கள்.

கணினி வழிப் புத்தகங்களையும் ஆய்விதழ்களையும் கவனிக்கும் மின்வளப் பிரிவுக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் ஒரு பெண் நூலகர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். கணவருக்கு ஐ.டி. வேலை, வேப்பம்பட்டில் ஒரு ஃபிளாட். குழந்தைக்காக ஏழு வருடம் வேலையை விட்டிருந்தவர். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "இந்த ஒரு வருஷம் நல்லபடியா போனாத்தான் சார் நான் மறுபடியும் நூலகர். இல்லேன்னா எட்டாவது வருஷமும் வீட்லதான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அதைச் சொல்லும்போது மேசை விளிம்பைப் பிடித்திருந்தார்.

இரண்டாம் வாரமே என் மர அடுக்கில் கை வைத்தார். கைபேசி உள்ளே வரலாம் என்று ஆணை வாங்கிவிட்டார். என் புறாக்கூண்டு ஒவ்வொன்றிலும் ஒரு சார்ஜர் வயரை இழுத்துவிட்டு, "வில்லை கொடுக்கிற வேலை உங்களோடதுதான் சார், அதை யாரும் எடுக்கலை" என்று சமாதானம் வேறு. முன்பு ஜெயிலாக இருந்த அடுக்கு இப்போது போன்களுக்கு விருந்து வீடாகிவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வில்லையை நீட்டினேன்.

பிறகு கைபேசிச் சேவை வந்தது. புத்தகத்தைப் புதுப்பிக்க வரிசையில் நிற்க வேண்டாம், போனிலேயே செய்யலாம். வேண்டிய புத்தகத்தைப் போனிலேயே கேட்டு வைக்கலாம். ஆய்விதழ்களைப் படிக்கலாம், பாடநூல் அத்தியாயங்களை ஸ்கேன் செய்ததைப் பார்க்கலாம். தொடக்க விழாவில் அவர் அறையில் ஏ.சி. போட்டு, வளாகத்தின் வைஃபையில் எல்லாவற்றையும் திறந்து காட்டினார். காற்றாய்ப் பறந்தது. பதிவாளர் கைதட்டினார்.

மறுநாள் மாணவர்கள் வந்தார்கள், முகம் சுளித்துக்கொண்டு. புதுப்பிப்பது மட்டும் நடக்கிறது. மற்றது எதுவும் வெளியே திறக்கவில்லை. ஆய்விதழ்கள் வளாகத்தின் இணைப்பில் மட்டுமே திறக்குமாம். ஸ்கேன் செய்த அத்தியாயமோ விரித்த புத்தகமாக இரண்டிரண்டு பக்கம் ஒரே படத்தில். போனில் பார்த்தால் ஒன்றும் புரியாது. அது இறங்குவதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். வேலை முழுவதையும் வளாகத்துக்குள் உட்கார்ந்து செய்துவிட்டு, வளாகத்துக்குள்ளேயே சோதித்தும் பார்த்துவிட்டார்கள். வளாகத்துக்குள் இருப்பவனுக்கு எதற்கு ஐயா போன் வழி நூலகம்? எழுந்து நாலு அடி வைத்தால் புத்தகம்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒளிப்பானேன்? அதே வாரம் அரையாண்டு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். புதுப்பிக்க மட்டும் வந்துகொண்டிருந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டதால் பதிவேட்டில் பக்கங்கள் மெதுவாகத்தான் நிரம்பின. குறிப்பு என்ற இடத்தில் முத்து முத்தாக எழுதினேன்: 'வாசகர் வருகை குறைந்துள்ளது. காரணம்: கைபேசிச் சேவை. மாணவர்கள் நூலகத்தை மறந்து வருகின்றனர்.' கீழே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அதை மறந்தும் போனேன்.

அந்த அம்மாள் அந்த வாரம் என்ன செய்தார் என்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்ப்யூட்டர் ஆட்களைத் திட்டுவார், மாணவர்களைக் குறை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எங்கள் இடத்தில் அதுதான் நடைமுறை. அவரோ அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். 'தவறு என்னுடையது. இங்கே உட்கார்ந்து சோதித்துவிட்டேன். இனி நீங்கள் இருக்கும் இடத்தில் சோதிப்பேன்.' பத்தொன்பது வருடத்தில் அந்தப் பலகையில் 'தவறு என்னுடையது' என்று ஒரு தாள் ஒட்டி நான் பார்த்ததில்லை. அப்போதே என் கோபத்தில் பாதி கழன்றுவிட்டது.

சொன்னபடியே செய்தார். வேப்பம்பட்டிலிருந்து ஆவடிக்கு ரயிலில் வருகிறவர் அவர். காலைக் கூட்டத்தில் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டை விரலால் மட்டும் நூலகப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். ஒரு விரலுக்கு எட்டாத பொத்தான் எல்லாம் இடம் மாறின. வழியில் சிக்னல் போய்ப் போய் வரும். திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து பாஸ்வேர்டு கேட்டால் அந்த வேலை தேறவில்லை என்று அர்த்தம். "நின்னுக்கிட்டு, ஒரு கையால, சிக்னல் போய் வந்தாலும் நடக்கணும் சார். உட்கார்ந்து ரெண்டு கையால செய்யறதுக்குப் பேரு கம்ப்யூட்டர்" என்பார். ஆவடியில் இறங்கி பஸ் ஏறி நூலகம் வந்ததும், புறங்கையில் பேனாவால் குறித்து வைத்த தவறுகளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வைப்பார்.

வளாகத்துக்கு வெளியேயும் ஆய்விதழ் திறக்க வழி செய்தார். ஸ்கேன் செய்த அத்தியாயங்களை ஒரு படத்துக்கு ஒரு பக்கமாக மறுபடி செய்ய வைத்தார், எடையும் குறைத்து. ஒரு புத்தகத்தைத் தேடினால் எந்த மாடி, படியேறி எந்தப் பக்கம், எத்தனையாவது அலமாரி என்று போன் சொல்லும்படி செய்தார். அதற்காக என்னைத்தான் அலமாரி அலமாரியாகக் கூட்டிக்கொண்டு நடந்தார். "உங்க தலைக்குள்ள இருக்கறதை எல்லாம் போனுக்குள்ள வெக்கணும் சார்" என்றார். எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மீதிக் கோபமும் போனது ஒரு சனிக்கிழமை. அவர் விடுப்பு. வாசகர்கள் கேள்வி அனுப்பும் அலுவலகப் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மாலையில் ஒரு கேள்வி வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் பெண். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சமூகப்பணி முதுகலை படிக்கிறார். ஷிப்ட் முடிந்து வருவதற்குள் நூலகம் மூடிவிடும், ஞாயிறு விடுமுறை. சேர்ந்து ஒரு வருடம் ஆகியும் நூலகத்துக்குள் காலே வைக்காதவர். மறுநாள் தேர்வுக்கு ஒரு புத்தகத்தின் குறிப்பிட்ட இரண்டு பக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தப் புத்தகம் எனக்குத் தெரியும். இரண்டாம் மாடி, ஜன்னலோரம், கீழ்த்தட்டு. குனிந்து எடுத்து, விரித்துப் படம் பிடித்து அனுப்பினேன்.

பதில் வந்தது. "சார், எழுத்து எறும்பு மாதிரி கீது. ஒவ்வொரு பக்கமா அனுப்புங்க சார்."

ஊரே முகம் சுளித்த தவறை நானும் செய்திருக்கிறேன்! இரண்டு பக்கத்தை ஒரே படமாக எடுத்திருந்தேன். மறுபடி மாடியேறி, மூச்சு வாங்கி, ஒவ்வொரு பக்கமாக எடுத்து அனுப்பினேன். "சூப்பர் சார். ட்ரெய்ன் வந்துட்சு. படிச்சுகினே போறேன்" என்று வந்தது. நான் அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே நின்றிருந்தேன். என் வாசலை ஒரு நாளும் மிதிக்காத ஒருத்தி, அந்த நிமிடம் என் இரண்டாம் மாடியில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

ஆண்டு முடிவில் நூலகக் குழு கூடியது. தலைவர், பதிவாளர்தான். கைபேசிச் சேவையைத் தொடர்வதா, அந்த அம்மாளின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்பது விஷயம். கூட்டம் முடிந்து அம்மாள் வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. பதிவாளர் மேசையில் என் அரையாண்டு அறிக்கை இருந்ததாம். 'மாணவர்கள் நூலகத்தை மறந்து வருகின்றனர்' என்ற வரியைச் சத்தமாகப் படித்தாராம். போனில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்த பட்டியலை அம்மாள் நீட்டியதற்கு, "இது மெஷின் சொல்றதும்மா. ஆள் கையெழுத்து எங்க?" என்று கேட்டுவிட்டாராம். அடுத்த வியாழக்கிழமை முடிவு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பதிவாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் இடத்தின் வழக்கம் அது. கையெழுத்து இல்லாத எதுவும் இங்கே நடந்ததாக அர்த்தமில்லை. தண்ணீர் கேன் வந்தால் கையெழுத்து, விளக்குமாறு வந்தால் கையெழுத்து. கூட்டத்துக்கு வந்தவர் கையெழுத்துப் போட மறந்தால் அவர் பேசிய பேச்சும் பேசாத பேச்சுதான். அந்த வழக்கத்தைப் பத்தொன்பது வருடம் ஊட்டி வளர்த்தவர்களில் நானும் ஒருவன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் நான், கெட்டது அவர். அவர் அறைக்குப் போய் நின்றேன். "மேடம், அந்தக் குறிப்பை எழுதினது நான்."

"தெரியும் சார். உங்க எழுத்து தெரியாதா எனக்கு?"

"கோபத்துல எழுதிட்டேன்."

"பொய் எழுதலையே சார். உங்க வாசல் வழியா வர்றவங்க குறைஞ்சது நிஜம்தானே? அவங்க எந்த வாசல் வழியா வர்றாங்கன்னு காட்ட எனக்குத் தெரியலை. அவ்வளவுதான்." பிறகு மேசையில் இருந்த மகளின் படத்தை எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தார். இரண்டு அடி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினேன். எந்த வாசல், எந்த வாசல் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் ஸ்டோரில் இரண்டு புதுப் பதிவேடு வாங்கி, ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம் போட்டேன். அலுவலகப் போனில் அம்பத்தூர்ப் பெண்ணுக்கு விஷயத்தைச் சொல்லி உதவி கேட்டேன். "நா வேப்பம்பட்டுல ஏறுவேன் சார், லேடீஸ் பொட்டி. நீங்க வாங்க, பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, திருமுல்லைவாயிலில் எதிர்த்திசை வண்டி பிடித்து வேப்பம்பட்டில் போய் இறங்கினேன். மேடையில் ஒரு பெண் என்னைப் பார்த்துக் கையசைத்தார். கையில் டிபன் பை, காதில் இயர்போன். முப்பது வயது இருக்கும்.

"நீங்கதானா அந்த எறும்பு?" என்றேன்.

"இன்னா சார், பாத்ததும் கலாய்க்கிறீங்க?" என்று சிரித்தார். வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் நான் ஏற முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. பதிவேடு உள்ளே போக வேண்டும், நான் வெளியே நிற்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் பதிவேட்டை இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை நான். "பக்கம் மடங்கக் கூடாது, அடித்து எழுதக் கூடாது, பக்கத்தைத் திறந்து காட்டினவங்ககிட்ட மட்டும்தான் வாங்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "வண்டி கெளம்புது சார், குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

நான் பக்கத்துப் பெட்டியில் ஏறினேன். ஒன்று தீர்ந்தால் இன்னொன்று என்று எடுத்து வந்த இரண்டாவது பதிவேடு என் கையில் இருந்தது. திருநின்றவூர் தாண்டியதும் கூட்டம் நெருக்கியது. கழுத்துப் பட்டையில் எங்கள் அடையாள அட்டை தொங்கும் ஆளாகப் பார்த்து, "நூலகப் பக்கம் பாக்கறியாப்பா? திறந்து காட்டு" என்றேன். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் போனை மூடிவிட்டு, "உங்களுக்காகப் போடறேன் சார்" என்றான். "எனக்காகப் போட இது பிறந்தநாள் கார்டா?" என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் அத்தியாயத்தைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தான். பட்டாபிராமுக்கு முன்னால் சிக்னல் போயிற்று. வந்ததும் விட்ட இடத்திலேயே பக்கம் நின்றது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. அந்தக் கவனிக்காமைக்காக ஒரு பெண் எத்தனை காலைகள் புறங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ரயிலிலேயே அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா, கவுருமென்ட்டு ஆளா? எங்க ஊட்டாண்ட தண்ணி வர்ல, அத்தையும் எழுதிக்கோ" என்றார். ஆவடி வரும்வரை அந்தப் பெட்டியில் எனக்குக் கவுருமென்ட்டு ஆள் என்றே பெயர்.

ஆவடியில் எங்கள் மாணவர்கள் இறங்கிக்கொண்டார்கள். நான் அம்பத்தூர் வரை போய், மேடையில் அந்தப் பெண்ணிடம் பதிவேட்டை வாங்கிக்கொண்டேன். பக்கம் மடங்கவில்லை. புரட்டிப் பார்த்ததும் பகீரென்றது. வெளியே போன நேரம் என்ற கட்டம் மேலிருந்து கீழ்வரை காலி.

"இன்னாம்மா இது, கட்டம் காலியா இருக்கே?" என்றேன். பதற்றத்தில் எனக்கும் அவர் பாஷை வந்துவிட்டது.

"அதுல இன்னா சார் எழுதறது? நா இன்னும் பக்கத்த மூடலையே. பாதி படிச்சுக்கீறேன், டீ டைம்ல மீதி படிப்பேன். யாருக்கும் அதுல இன்னா போடறதுன்னு தெர்ல." ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

எனக்கும் தெரியவில்லை. என் பெட்டியில் வாங்கியதிலும் அந்தக் கட்டம் அப்படித்தான் கிடந்தது. மூன்று நாள் இப்படியே போய் வந்தேன். புதன்கிழமைக்குள் இரண்டு பதிவேட்டிலும் சேர்த்துப் பல பக்கங்கள் நிரம்பிவிட்டன. எல்லாம் ஆடி ஆடிப் போட்ட கோணல் கையெழுத்து. காலிக் கட்டத்தை நானே நிரப்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். கை வரவில்லை.

வியாழக்கிழமை கூட்டத்தில் அம்மாளின் பக்கத்தில் போய் நின்றேன். அவருக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பதிவேடுகளை மேசைமேல் வைத்ததும் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எந்த வாசலோட பதிவேடு?" என்றார் பதிவாளர்.

"வேப்பம்பட்டுலேர்ந்து அம்பத்தூர் சார். காலை ரயில். போன்ல நம்ம நூலகத்தைத் திறந்து வெச்சிருந்தவங்க மட்டும்தான் போட்டிருக்காங்க. நான் பார்த்து வாங்கினது. பெண்கள் பெட்டியில எனக்காக ஒரு மாணவி பார்த்து வாங்கினாங்க. அரையாண்டுல நான் எழுதின குறிப்பு தப்பு சார். மாணவர்கள் நூலகத்தை மறக்கலை. நான்தான் ஒரே வாசல்ல உட்கார்ந்துட்டேன்."

பக்கம் பக்கமாகப் புரட்டினார். "கையெழுத்தெல்லாம் ஏன் இப்படிக் கோணலா இருக்கு?"

"ரயில் ஆடும் சார்."

மறுபடி புரட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "படியிறங்கிப் போன என்னையே திருப்பிக் கூப்பிட்டு எழுத வெச்ச ஆள் நீங்க. இதுல ஒருத்தர்கூட வெளியே போன நேரம் எழுதலையே?"

அம்பத்தூர் மேடையில் கிடைக்காத பதில் அப்போதுதான் வந்தது.

"அவங்க யாரும் இன்னும் வெளியே போகலை சார். உள்ளேதான் இருக்காங்க."

பதிவாளர் பதிவேட்டை மூடி ஓரமாக வைத்தார். ஒப்பந்த நீட்டிப்புத் தாளைக் கோப்பிலிருந்து இழுத்துக் கையெழுத்துப் போட்டார். எங்கள் இடத்தில் அதற்குமேல் பேச்சில்லை. தாளை அம்மாளிடம் நீட்டினார். கீழே அவரும் போட்டார். அந்த அறையில் எதுவும் ஆடவில்லை. ஆனாலும் அவர் கையெழுத்து, ரயிலில் போட்டதுபோல் கோணலாகத்தான் விழுந்தது.